எழுத்தாளருக்கு ஒரு மேசை

சிதம்பரநாதன் அந்தக் கதையை மூன்றாவது தடவை வாசித்தபோதும் அதில் வந்த புருஷன் அவராகத்தான் இருந்தார்.

பேர் மட்டும் வேறு. கதையில் அவன் சபாபதி. மற்றபடி ஹட்டன் மாதிரியே ஒரு டவுன், மெயின் வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடை, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே ஆணியின் அளவைச் சொல்லிவிடும் முதலாளி. இருபத்திரண்டாவது கல்யாண நாளுக்கு அந்தச் சபாபதி மனைவிக்குக் கொடுத்த பரிசு, குசினிக் குழாய்க்கு ஒரு வாஷர். 'அவள் அதை மோதிரம் என்று நினைத்து விரலில் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது' என்று கதை முடிந்திருந்தது.

சிதம்பரநாதனுக்குக் காது சூடாகிவிட்டது. போன ஆவணியில் அவர் கடையிலிருந்து வீட்டுக்கு வாஷர் கொடுத்தனுப்பியது உண்மை. அன்றைக்குக் கல்யாண நாள் என்பது இப்போது கதையைப் படித்துத்தான் தெரிகிறது. ஆனால் அது பித்தளை வாஷர். கதையில் பித்தளை என்ற வார்த்தையே இல்லை.

கதை வந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரும் ஆசிரியரின் பாராட்டுக் கடிதமும் ஒரே உறையில் தபாலில் வந்திருந்தன. 'மலைச்சாரல், மே/பா சிதம்பரநாதன் ஹார்ட்வெயார், ஹட்டன்' என்று முகவரி. கதைக்குக் கீழேயும் மலைச்சாரல் என்ற புனைபெயர்தான் இருந்தது. தன் பேரைப் பார்த்ததும் அவர் உறையைப் பிரித்துவிட்டார்.

மலைச்சாரல் யார் என்று அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. வாஷர் சங்கதி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவர். அவர் எழுதவில்லை.

ஜெயலெட்சுமி தை மாதத்திலிருந்து எதையோ எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். விடியக்காலையில் குளித்துவிட்டு, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் பாய் போட்டு உட்கார்ந்து கொப்பியில் எழுதுவாள். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தபோது உதடு அசைந்துகொண்டிருந்தது. வீட்டுச் செலவுக் கணக்கு என்று நினைத்திருந்தார். வீடு கடைக்குப் பின்னால் எண்பத்து நாலு படி மேலே. தபால்காரர் அவ்வளவு தூரம் ஏறமாட்டார். அதனால் கடை முகவரியைக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் பொருந்தி வந்தது.

முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. வாஷர் வெறும் ஒரு நாள் சமாசாரம். இருபத்திரண்டு வருசத்துச் சரக்கு அவளிடம் இருப்பில் இருக்கிறது.

உறையைப் பசை போட்டு ஒட்டி, பிரித்த அடையாளம் தெரியாமல் மேசையோரத்தில் மற்றக் கடிதங்களோடு வைத்தார். மதியம் ஜெயலெட்சுமி சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பார்த்தால் உறையைக் காணவில்லை.

'ஒரு வார்த்தை பேசாம எடுத்துக்கிட்டுப் போறாளே' என்று அவர் மனதுக்குள் அதிசயித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நிரஞ்சன் மாஸ்டர் அரைக் கிலோ கம்பியாணி வாங்க வந்தார். பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவர், ஊர் வாசகர் வட்டத்தின் செயலாளர், பதினாலு வருசமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பவர். இப்போது முன்னுரை முடியும் தறுவாயில் இருந்தது.

"சேர், எழுதுறவங்களுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுக்கணும்னா என்ன குடுக்கலாம்? உபயோகமா இருக்கணும்."

"யாரு எழுதுறா அண்ணே?"

"தூரத்துச் சொந்தம்."

நிரஞ்சன் மாஸ்டர் ஆணியை மறந்துவிட்டார். "மொத ஒரு நல்ல பேனா. மை ஊத்துற பேனா. எழுத்தாளனுக்கு அது ஆறாவது வெரல். எனக்கும் ஒண்ணு வாங்கணும்னுதான் இருக்கேன், வாங்கிட்டா நாவல் ஓடிரும்."

கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது சிதம்பரநாதன் கறுப்பும் தங்கமுமாய் ஒரு பேனா வாங்கிவந்தார். கூடவே மைப் போத்தல்.

ஜெயலெட்சுமி பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இது யாருக்குங்க?"

"ஒனக்குத்தான். எழுதத்தான்."

அவள் முகம் மாறியது. "நான் எழுதுறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். என்ன ஏதுன்னு கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க. பாதியில சொல்லக்கூடாது. முடிஞ்சதும் நானே சொல்றேன்."

மறுநாள் காலையில் பின்னறையிலிருந்து ஐயோ என்று சத்தம் வந்தது. பேனா கக்கிவிட்டது. பக்கம் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மை. அவள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அன்றைக்கு எழுதியது முழுவதையும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

"கறைபட்ட பக்கம் சேராதுங்க" என்றாள், கண் கலங்க.

சிதம்பரநாதன் பேனாவைக் கடைக்குக் கொண்டுவந்து, குழாய்ப் பொருத்துக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். கசிவு நின்றது. எழுதுவதும் நின்றது.

பக்கத்தில் செல்லசாமி சிமெந்துச் சாக்கை உதறிக்கொண்டிருந்தான். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீட்டிலிருந்து பத்தொன்பது வருசமாகக் காலை பஸ்ஸில் வந்து போகிறவன். மூட்டை இறக்குகிறவனும் அவன், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சாமான் தூக்குகிறவனும் அவன். அதிகம் பேசமாட்டான். கடையில் எது மிஞ்சினாலும், சணல் கயிறானாலும் அட்டைப் பெட்டியானாலும், கேட்டு எடுத்துக்கொண்டு போவான்.

"வேணாம்னா நான் எடுத்துக்கட்டுங்களா மொதலாளி?"

"ஒனக்கு எதுக்குடா?"

"மூட்டையில பேர் எழுத ஆகுங்க."

எடுத்துக்கொண்டான்.

பங்குனி மாதக் கதையின் பேர் 'கசிவு'. சபாபதி இந்தத் தடவை மனைவிக்குப் பேனா வாங்கிக் கொடுத்து, அது கசிந்ததும் டேப் சுற்றினான். எத்தனை சுற்று என்பதுகூடச் சரியாக இருந்தது.

சிதம்பரநாதன் பேப்பரை மடித்து ஆணிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். சின்னப் பரிசு கொடுத்தால் சின்னத்தனம் தெரிகிறது. பெரிதாகக் கொடுக்க வேண்டும். நிரஞ்சன் மாஸ்டரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார்.

"அந்தத் தூரத்துச் சொந்தம் தரையில உக்காந்து எழுதுது சேர்."

"தரையிலயா! முதுகு என்னத்துக்கு ஆகும்? மேசை வேணும் அண்ணே. பெரிய மேசை. எனக்கு மட்டும் ஒரு மேசை இருந்திருந்தா..." அவர் மேலே பேச முடியாமல் வடையைக் கடித்தார். பிறகு, "எவ்வளவு எழுதியிருக்காரு?" என்று கேட்டார்.

சிதம்பரநாதன் அதை அன்றே வீட்டில் விசாரித்துவிட்டார்.

"எவ்வளவு ஆச்சு?"

"முப்பதாயிரங்க" என்றாள் ஜெயலெட்சுமி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"இன்னும் போகணுமா?"

"எங்க? இது காவாசிதான்."

மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"முப்பதாயிரம் சொல்லுன்னா அது நாவலு அண்ணே. திருத்தி எழுதுறதுண்டாமா?"

"கேட்டேன். ஒரு எழுத்துகூட மாறக்கூடாதுங்குது."

"அந்தத் துணிச்சல் பெரிய ஆளுங்களுக்குத்தான் வரும்" என்றார் மாஸ்டர். அன்றைக்கு வடைக்கு அவரே காசு கொடுத்தார்.

மேசை பலா மரத்தில், ஆறடிக்கு மூன்றடி. இழுப்பறையாய் நாலு லாச்சி. சித்திரைக் கடைசி மழையில் செல்லசாமி முன்னாலும் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவர் பின்னாலும் பிடித்து எண்பத்து நாலு படியையும் ஏற்றினார்கள். மேசை முற்றத்தைப் பார்த்த பின்னறை வாசலில் வந்து நின்றது. வாசல் இரண்டேகால் அடி.

"சரிச்சுப் பாருங்க" என்றார் சிதம்பரநாதன்.

சரித்தார்கள். கால் இடித்தது. காலைக் கழற்றலாம் என்றால் தச்சன் ஆயுசுக்கும் கழறாதபடி அறைந்திருந்தான். அது கடையில் வாங்கிய ஆணி. தரமான ஆணி.

சிதம்பரநாதன் கடைக்கு இறங்கிப் போய் மரமறுக்கும் வாள் எடுத்துவந்தார். கதவு நிலையை அறுத்தார். நிலையோடு கொஞ்சம் சுவரும் வந்தது. மேசை உள்ளே போய்விட்டது. கதவு வெளியே நின்றது.

ஜெயலெட்சுமி எல்லாவற்றையும் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காங்க இவ்வளவும்?"

"பின்ன?"

"நான் எழுதுறது தரையிலதானுங்க. அப்படித்தான் எழுதணும்."

"பழகிக்குவ."

கதவில்லாத அறைக்குள் காலையில் பனிமூட்டம் வந்து உட்கார்ந்தது. மதியம் சாரல் வந்தது. கொப்பி நமுத்தது. நாலாம் நாள் சிதம்பரநாதன் எட்டிப் பார்த்தபோது மேசையின் நாலு பக்கமும் பழைய பெட்சீட் தொங்கியது. உள்ளே, மேசைக்கு அடியில், பாயைப் போட்டு உட்கார்ந்து அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அன்றைக்குக் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த செல்லசாமியும் அதைப் பார்த்தான்.

"அம்மா எதுக்குங்க மேசைக்கு அடியில இருக்காங்க?"

"அவங்க அப்படித்தான். ஒனக்குப் புரியாது."

"சரிங்க."

வைகாசி நடுவில் 'மேசை' வந்தது. சபாபதி வீட்டு வாசலை அறுத்துவிட்டான். மனைவி மேசைக்கு அடியில் குடியிருந்தாள். 'அந்த வீட்டில் நனையாத ஒரே இடம் அவன் பரிசுக்குக் கீழே இருந்தது' என்று ஒரு வரி. மருந்துக் கடைக்காரர் அதை வாய்விட்டு வாசித்துச் சிரித்துவிட்டு, "யாருண்ணே இந்த மடயன்?" என்று சிதம்பரநாதனிடமே கேட்டார்.

"யாராவது இருப்பான்" என்றார் சிதம்பரநாதன்.

இனி ஒதுங்கிவிடுவது நல்லது என்றுதான் இருந்தார். ஆனால் நிலையோடு சுவரும் போனதில் பஸ் நிலையத்தின் ஹோர்ன், லொத்தர்ச் சீட்டு விற்பவனின் ஒலிபெருக்கி, கோயில் ரேடியோ எல்லாம் பின்னறைக்குள் நேராக வந்தன. ஜெயலெட்சுமி நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "மனசு நிக்க மாட்டேங்குதுங்க, எண்ணிக்கை தப்புது" என்றாள்.

எழுத்தாளருக்கு அமைதி வேண்டும் என்று மாஸ்டரும் சொல்லியிருந்தார். கூடவே ஓர் அகராதியும் வேண்டும் என்றார். சிதம்பரநாதன் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். கல்லுடைக்கிறவர்கள் காதில் மாட்டும் மஞ்சள் காதுமூடி ஒன்று கடையிலேயே இருந்தது. அகராதி கண்டியிலிருந்து வந்தது. மூன்றே கால் கிலோ.

ஜெயலெட்சுமி அகராதியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவு வார்த்த எனக்கு எதுக்குங்க? இருக்கறதே போதும்."

அகராதியும் செல்லசாமியிடம் போனது. லயத்து வீட்டில் கதவு நிற்கவில்லை, அண்டை கொடுக்க ஆகும் என்றான்.

காதுமூடியை மட்டும் அவள் மாட்டிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "ஒண்ணுமே கேக்கலங்க!" என்று கத்தினாள்.

உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. குக்கர் ஏழு தடவை விசில் அடித்தது கேட்கவில்லை. பால்காரன் கூப்பிட்டது கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி புகையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஃபோன் போட, சிதம்பரநாதன் எண்பத்து நாலு படியை வேட்டியை மடித்துக்கொண்டு ஏறினார். பின்னால் செல்லசாமி மணல் வாளியோடு ஓடிவந்தான். குசினி முழுக்கப் புகை. பருப்பு, குக்கரின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டிருந்தது. பின்னறையில் மேசைக்கு அடியில் மஞ்சள் காதோடு அவள் நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனி முதல் வாரக் கதை: 'ஏழாவது விசில்'.

அன்று சிதம்பரநாதன் கடையைப் பதினொரு மணிக்கே செல்லசாமியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். குசினியில் ஜெயலெட்சுமி குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை கரியாக இருந்தது. அவர் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"லெச்சுமி, எனக்குத் தெரியல. நீயே சொல்லு. ஒனக்கு என்னதான் வேணும்?"

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக்கமில்லாதவள், கரிக் கையைச் சேலைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டாள்.

"நேரங்க" என்றாள். "காலையில கூட ஒரு மணித்தியாலம் கெடச்சா ஆடிக்குள்ள முடிச்சிருவேன். இப்ப அறுபத்தெட்டாயிரம் வந்துருச்சு."

நேரம் கடையில் இல்லை. கண்டியிலும் கிடைக்காது. மறுநாள் காலை ஐந்தரைக்குச் சிதம்பரநாதன் குசினிக்குள் நுழைந்தார்.

முதல் நாள் ரொட்டி போட்டார். மாவில் தண்ணீர் கூடியது, மாவைப் போட்டார். மாவு கூடியது, தண்ணீர் விட்டார். கடைசியில் பதினேழு ரொட்டி வந்தது. எதையும் கையால் பிய்க்க முடியவில்லை. ஜெயலெட்சுமி ஒன்றைத் தேநீரில் ஊறவைத்து மெதுவாகத் தின்றாள்.

"நல்லாருக்குங்க" என்றாள்.

"பொய் சொல்லாத."

"ரொட்டி நல்லால்ல. உக்காந்து திங்குறது நல்லாருக்கு."

அவர் இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தார்.

மீதி ரொட்டி கடைக்குப் போனது. செல்லசாமி நாலு தின்றான். குறை சொல்லவில்லை. "அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலைங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்காங்க. அவங்களுக்கு நேரம் வேணும். அதான் நான் சுட்டேன், மொத்தம் பதினேழு. அவங்களும் தின்னாங்க."

செல்லசாமி வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தான். பிறகு ஐந்தாவது ரொட்டியையும் எடுத்துக்கொண்டான்.

ஆனி முழுவதும் சிதம்பரநாதன் சமைத்தார். மூன்றாவது வாரத்தில் பருப்புக் கறி பருப்புக் கறி மாதிரியே வந்தது. அறுத்த வாசலில் புது நிலையும் வைத்தார், கதவும் மாட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உரித்த வெங்காயம் எத்தனை, கண்ணில் தண்ணீர் எப்போது வந்தது என்று அவளிடம் சொல்ல அவருக்கு விசயம் இருந்தது. அவளும் கேட்டாள். சிரித்தாள். இருபத்திரண்டு வருசத்தில் அவளுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழுவதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

அந்த மாதக் கடைசியில் வந்த கதைக்குப் பேர் 'பதினேழு ரொட்டி'. பயந்துகொண்டேதான் பிரித்தார். சபாபதி ரொட்டி சுட்டான். ரொட்டி கல்லு மாதிரி இருந்தது. அவன் மனைவி அதைத் தின்றாள். 'பல் வலித்தது. பல்லைத் தவிர வேறெங்கும் வலிக்கவில்லை' என்று கதை முடிந்தது.

சிதம்பரநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாடிக்கையாளரிடம் பெயின்ட் வாடை என்றார்.

ஆடி நடுவில் மலைச்சாரலுக்கு இன்னொரு உறை வந்தது. இதையும் பிரித்தார். வாசகர் வட்டமும் பத்திரிகையும் சேர்ந்து டவுன் ஹாலில் விழா நடத்துகின்றன. ஆண்டின் சிறந்த சிறுகதையாக 'பதினேழு ரொட்டி' தேர்வாகியிருக்கிறது. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் வரும் ஞாயிறு நேரில் வந்து பரிசைப் பெற வேண்டும். ஒட்டி வைத்தார். மதியத்துக்குள் காணாமல் போனது.

வீட்டில் ஜெயலெட்சுமி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினாள். என்ன அடக்கம் என்று அவர் நினைத்தார்.

"ஞாயித்துக்கெழம டவுன் ஹாலுக்குப் போறோம். கல்யாணப் பட்டக் கட்டிக்க."

"நாமளா? ரெண்டு பேருமா?" அவள் உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க விசேசம்?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்" என்று கண் சிமிட்டினார்.

ரகசியத்தை அவர் மருந்துக் கடைக்காரர், தேநீர்க் கடைக்காரர், நகைக் கடை ஆசாரி ஆகிய மூவரிடம் மட்டும் சொன்னார். மலைச்சாரல் என் சம்சாரம்தான். அந்த மடயன் நான்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமைக்குள் பஜார் முழுக்க வந்து கைகொடுத்துவிட்டுப் போனது.

செல்லசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "நாளைக்கு ஒரு விசேசங்க மொதலாளி. வேலைக்கு வர ஏலாது."

"விசேசமா? நாளைக்குத்தான்டா எனக்கே விசேசம். ஹாலுக்கு நம்ம கதிர அம்பது போகணும்னு நிரஞ்சன் சேர் கேட்டிருக்காரு. நீதான் கொண்டுபோய்ப் போடணும்."

"டவுன் ஹாலுக்குங்களா?"

"ஆமா."

"அப்ப சரிங்க" என்று உடனே ஒத்துக்கொண்டான்.

ஞாயிறு டவுன் ஹால் நிரம்பிவிட்டது. முன்வரிசை ஓரக் கதிரையில் சிதம்பரநாதன், பாதையை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரக்குப் பட்டில் ஜெயலெட்சுமி. செல்லசாமி கடைசிக் கதிரைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"கதிர தூக்குறவனுக்கு எதுக்குடா வெள்ளச் சட்ட? அழுக்காயிரும்" என்று அவனை ஒரு சத்தம் போட்டார்.

மேடையில் நிரஞ்சன் மாஸ்டர் 'பதினேழு ரொட்டி'யை முழுதாக வாசித்தார். சபை சிரித்தது, கடைசி வரிக்குச் சிரிக்காமல் இருந்துவிட்டுக் கைதட்டியது. ஜெயலெட்சுமியும் தட்டினாள்.

"நம்ம வீட்டுல நடந்த மாதிரியே இருக்குங்க" என்று அவர் காதில் சொன்னாள்.

"நல்லா நடிக்கிற" என்றார் அவர்.

"இப்போது" என்றார் மாஸ்டர், "இத்தனை நாள் நமக்கு முகம் காட்டாத எழுத்தாளர் மலைச்சாரல் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

பஜார் முழுவதும் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. ஜெயலெட்சுமி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்திரி" என்றார் சிதம்பரநாதன்.

"வீட்டுக்காங்க?"

"மேடைக்கு. ஒன்னயத்தான் கூப்புடுறாங்க."

"என்னய எதுக்கு?"

"எழுத்தாளர் மலைச்சாரல்!" என்று மாஸ்டர் இரண்டாவது தடவை கூப்பிட்டார்.

"லெச்சுமி, வெளையாடாத. எல்லாரும் பாக்குறாங்க. கத எழுதுனவதான போகணும்?"

"கதையா? எனக்கெங்க கத எழுதத் தெரியும்?"

சிதம்பரநாதன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். "அப்ப விடியக்காலையில... கதவச் சாத்திக்கிட்டு... ஆறு மாசமா..."

"ஸ்ரீராமஜெயங்க. எறம்பொட ஆஞ்சநேயருக்கு ஒரு லச்சத்தி எட்டு. நேத்துத்தான் முடிச்சேன், இனிச் சொல்லலாம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குன்னு நீங்க ஒரு சாமானாவது யோசிச்சு வாங்கித் தரணும்னு தையில வேண்டிக்கிட்டேன். மாசியிலயே பேனா வந்துருச்சு. சாமிக்குச் சொன்னபடி எழுதிக் குடுக்காம நிறுத்தலாங்களா?"

"எழுத்தாளர் மலைச்சாரல் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!" என்று மூன்றாவது தடவை ஒலிபெருக்கி சொன்னது.

பக்கத்தில் யாரோ கதிரையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. சிதம்பரநாதன் நிமிர்ந்து பார்த்தார். செல்லசாமி வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"கால கொஞ்சம் மடக்குங்க மொதலாளி. என்னயத்தான் கூப்புடுறாங்க."